வந்ததை அனுப்பினேன்



இவ்வாரத் தியானப் பகுதி யாத்திராகமம் 23:1-9. வேதத்தைத் திறந்து அந்த ஒன்பது வசனங்களையும் ஒருமுறை வாசித்துவிட்டு இதற்கு வாருங்கள். பொய்ச் செய்தியைப் பற்றிய கட்டளையோடு தொடங்கும் அப்பகுதி, அந்நியனைப் பற்றிய கட்டளையோடு முடிகிறது. இவ்விரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டதன் காரணம் என்ன என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. அண்மை ஆண்டுகளின் செய்திகள் அதை எனக்கு விளக்கின.

"வந்ததை அனுப்பினேன்" என்ற வார்த்தை கேட்காத வீடு இன்று இல்லை. ஏற்காடு சாலையில் பேருந்துக்கு நிற்கும்போதும், கோரிமேட்டுத் தேநீர்க் கடையிலும், ஏன், ஆராதனை முடிந்து செருப்பு அணியும் இடத்திலும் அதைக் கேட்கிறோம். ஒரு செய்தி பொய் என்று தெரிந்தபின் அதை அனுப்பியவரிடம் கேட்டுப் பாருங்கள். "நான் எழுதவில்லை, பாஸ்டர். எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்பார். அவர் பொய்யர் அல்லர், பெரும்பாலும் நல்லவர். அண்டை வீட்டாருக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்ற எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். ஆனால் அந்த வார்த்தையை வேதம் ஏற்குமா என்பதே என் கேள்வி. ஏற்காது என்பது என் உறுதியான கருத்து.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தை நினைவுகூருங்கள். தமிழ்நாட்டில் பீகார் மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி வட இந்தியாவெங்கும் காணொளிகளாகப் பரவியது. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அன்றைய தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மார்ச் 2 ஆம் தேதி தாமே காணொளியில் தோன்றி அதை மறுத்தார். பரப்பப்பட்டவற்றுள் ஒன்று, திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் முன்னர் நடந்த மோதல். மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்வாசிகளுக்குள் நடந்தது. இரண்டிலும் தமிழர் வடமாநிலத்தவரைத் தாக்கவில்லை. இராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த ஒரு கொலையின் படமும் தமிழ்நாட்டுச் சம்பவமாகச் சுற்றியது. காயக்கட்டுகளோடு தொழிலாளர்கள் பேசுவதுபோன்ற ஒரு காணொளி பாட்னாவிலேயே ஒரு வாடகை வீட்டில் நடித்துப் படமாக்கப்பட்டது என்று பின்னர் பீகார் காவல்துறையே கண்டறிந்தது. பீகார் அரசு நான்கு அதிகாரிகளை இங்கு அனுப்பி நேரில் விசாரித்தது. தமிழக முதலமைச்சர் பீகார் முதலமைச்சரோடு தொலைபேசியில் பேசினார்.

அவ்வாண்டு ஹோலிப் பண்டிகை மார்ச் 8 ஆம் தேதி. அதற்கு முந்தின வாரத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் புறப்படுவது வழக்கம். சேலம் சந்திப்பின் வழியாகச் செல்லும் தன்பாத் விரைவு வண்டியை ஹோலிக்கு முன் பார்த்தவர்கள், கால் வைக்க இடமிராது என்பதை அறிவார்கள். தமிழ்நாட்டு நிலையங்களில் அவ்வாரம் காணப்பட்ட அந்தக் கூட்டமும் படமாக்கப்பட்டு, உயிர் பிழைக்க ஓடுகிறவர்களாகக் காட்டப்பட்டது. ஆகவே பண்டிகைக்குச் செல்பவரோடு, உண்மையாகவே பயந்து செல்பவரும் கலந்துகொண்டனர். கூட்டம் பெரிதானது; அப்பெருங்கூட்டமே பொய்க்குச் சான்றாயிற்று.

இக்காணொளிகளில் பலவும் முழுப் பொய்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். சண்டை நடந்தது உண்மை. கொலை நடந்தது உண்மை. இரயில் நிலையத்தில் கூட்டம் இருந்தது உண்மை. படத்தின் அடியில் எழுதப்பட்ட வாசகந்தான் பொய். கண்ணால் கண்டதை நம்பாதிருப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். கண் கண்டது சண்டையை மட்டுமே. யார், எங்கே, எப்போது, ஏன் என்பவை காதில் ஓதப்பட்டவை.

இதே முறையில் செய்யப்பட்ட ஒரு பொய்யை அப்போஸ்தலருடைய நடபடிகள் 21 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பவுல் எருசலேம் தேவாலயத்துக்குள் இருக்கிறார். ஆசியாவிலிருந்து வந்த சிலர் அவரைப் பிடித்துக்கொண்டு, இவன் கிரேக்கரை உள்ளே அழைத்து வந்து பரிசுத்த ஸ்தலத்தைத் தீட்டுப்படுத்தினான் என்று கூவுகிறார்கள். லூக்கா அடுத்த வசனத்தில் காரணத்தை எழுதுகிறார். எபேசியனான துரோப்பீமுவை அவர்கள் முன்னே நகரத்தில் பவுலோடு கண்டிருந்தார்கள். ஆகவே பவுல் அவனைத் தேவாலயத்துக்குள்ளும் கூட்டி வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். நகரத்தில் கண்டது உண்மை. தேவாலயத்துக்குள் வந்தான் என்பது நினைப்பு. உண்மையான படத்துக்கு ஒரு பொய் வாசகம்!

அன்று அக்குற்றச்சாட்டு எத்தனை ஆபத்தானது என்பதற்குக் கல்லே சாட்சி. அந்நிய இனத்தான் எவனாவது தடுப்பைக் கடந்து உள்ளே வந்து பிடிபட்டால் அவன் சாவுக்கு அவனே பொறுப்பு என்ற பொருள்பட, கிரேக்க மொழியில் வெட்டிய எச்சரிக்கைக் கல் ஒன்று 1871 ஆம் ஆண்டு எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. அது இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே அந்தக் கூக்குரல் வெறும் வசை அன்று, கொலைக்கான அழைப்பு. நகரம் முழுவதும் கலங்குகிறது. பவுலை வெளியே இழுக்கிறார்கள், கதவுகள் பூட்டப்படுகின்றன. சேனாபதி வந்து விசாரித்தால் கூட்டத்தில் ஒருவர் ஒன்றும் வேறொருவர் வேறொன்றும் சொல்கிறார்கள். கடைசியில் அந்தச் சேனாபதியும், முன்னே கலகம் செய்த எகிப்தியன் இவன்தானோ என்று எண்ணுகிறான். ஒரு வதந்தியை விசாரிக்க வந்தவன் மனத்தில் இன்னொரு சந்தேகம்.

இப்பகுதியில் நான் அதிகம் நினைப்பது துரோப்பீமுவைப் பற்றியே. வெளியூரான், பெருநகரத்தைப் பார்க்க வந்தவன், நண்பனோடு தெருவில் நடந்தான். அவன் செய்தது அவ்வளவே. அன்று மாலை தன் பெயரால் நடந்ததைக் கேள்விப்பட்டபோது அவன் எங்கே ஒளிந்திருப்பானோ! வேதம் அதைச் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, 2023 ஆம் ஆண்டின் பொய்யை இந்தி பேசுகிறவர்கள்தாம் நம்பினார்கள், நமக்கு அதில் பங்கில்லை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்நாட்டில் நடந்தது அதைவிடக் கொடியது. 2018 ஏப்ரல், மே மாதங்களில், குழந்தை கடத்தும் கும்பல் வடநாட்டிலிருந்து வந்திருக்கிறது என்ற செய்தி தமிழிலேயே எழுதப்பட்டு, தமிழ்க் குரலிலேயே பேசப்பட்டு, கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. மே 9 ஆம் தேதி சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார், மலேசியாவிலிருந்து வந்த உறவினரோடு, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் தங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்றனர். வழி கேட்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். அவ்வளவுதான். கூட்டம் கூடியது. 65 வயதுத் தாயார் அடித்துக் கொல்லப்பட்டார். உடன் சென்றவர்கள் படுகாயமடைந்தனர். அடித்தவர்களைச் சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அதே வாரத்தில் பழவேற்காட்டில், மனநலம் குன்றி அலைந்த ஒருவர் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்திலிருந்து தொங்கவிடப்பட்டார்.

அந்த ஆண்டு நாடு முழுவதும் சுற்றிய ஒரு காணொளியின் கதையைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகளின் பாதுகாப்புக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். மூலப்படத்தின் முடிவில் அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் ஒன்றை உயர்த்திக் காட்டுவார்கள். யாரோ ஒருவர் அந்த முடிவை வெட்டிவிட்டார். குழந்தைகளைக் காக்க எடுத்த படம், வெட்டப்பட்ட நாளிலிருந்து மனிதரைக் கொல்லப் பயன்பட்டது. வனாந்தரத்தில் சோதனைக்காரன் நம் ஆண்டவரிடம் 91 ஆம் சங்கீதத்தைச் சொன்னபோதும் இப்படித்தான் வேண்டிய இடத்தில் வெட்டிச் சொன்னான் என்பதை வேதம் வாசிக்கிற நீங்கள் அறிவீர்கள்.

போளூருக்கருகே அடித்த கைகளைக் காவல்துறை தேடிப் பிடித்தது. செய்தியை அனுப்பிய கைகள் எத்தனை? அவற்றில் பல, அன்றிரவு தம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிய கைகள். இங்கேதான் மோசேயின் நியாயப்பிரமாணத்தில் ஒரு கட்டளையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உபாகமம் 17:7. ஒருவன்மேல் மரணக்குற்றம் சாட்டப்பட்டால், இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். அது மட்டுமன்று, தண்டனை நிறைவேறும்போது சாட்சிகளின் கைதான் முதலில் ஓங்க வேண்டும். கல்லெறிதல் என்ற அக்காலத் தண்டனையைக் கேட்டு இன்று நம் மனம் கூசுகிறது, கூச வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளே ஓர் இரக்கம் இருக்கிறது. உன் வார்த்தையால் ஒருவன் சாகப் போகிறான் என்றால், அவன் முகத்தைப் பார்த்து, உன் கையாலேயே முதற்கல்லை எடு என்கிறது. அப்படிச் செய்யும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? நாவையும் கையையும் பிரிக்க அச்சட்டம் இடம் கொடுக்கவில்லை. இன்று நம்மிடமிருக்கும் கருவியோ அவ்விரண்டையும் பல நூறு கிலோமீட்டர் பிரித்து வைக்கிறது. சேலத்தில் விரல் அசைகிறது. எங்கோ ஒரு கிராமத்தில் தடி ஓங்குகிறது. நடுவிலே ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேர், ஒவ்வொருவரும் "வந்ததை அனுப்பினேன்" என்கிறார்கள்.

இப்போது யாத்திராகமம் 23:1 க்கு வருவோம். நம் தமிழ் வேதாகமத்தில் "அபாண்டம்" என்ற சொல் அங்கே ஆளப்பட்டிருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது கட்டளை. மூலமாகிய எபிரெயத்தில் அங்குள்ள வினைச்சொல் "நாசா". தூக்குதல், எடுத்தல், சுமத்தல் என்று அதற்குப் பொருள் விரியும். செய்தியைக் குறிக்கும் இடத்தில் "ஷாவ்" என்ற சொல் வருகிறது. வெறுமையானது, வீணானது, பொய்யானது என்பது அதன் பொருள். வெறுமையான செய்தியைத் தூக்கிச் சுமக்காதே என்றும் அவ்வசனத்தைப் படிக்கலாம். புனைகிறவனுக்கு மட்டுமன்று, ஏற்கிறவனுக்கும் எடுத்துச் செல்கிறவனுக்கும் அக்கட்டளை பொருந்தும். அனுப்பியவர் சொல்லும் சாக்குக்கு அங்கே இடமே இல்லை.

இதே இரண்டு சொற்களும், "நாசா" என்பதும் "ஷாவ்" என்பதும், பத்துக் கட்டளைகளுள் மூன்றாம் கட்டளையில் சேர்ந்து வருகின்றன. கர்த்தருடைய நாமத்தை வீணாகச் சுமக்காதே என்று அங்கே. வீணான செய்தியைச் சுமக்காதே என்று இங்கே. இந்தத் தொடர்பு நம் சபைகளுக்கு மிகவும் வேண்டியது. ஏனென்றால் நாம் பரப்புகிற பொய்களில் பெரும்பாலானவை கர்த்தருடைய நாமத்தையும் சேர்த்தே சுமந்து வருகின்றன.

உங்களில் பலருக்கு வந்திருக்கும் ஒரு ஜெபவிண்ணப்பத்தைச் சொல்கிறேன். இந்தியாவில் புத்தமதத் தீவிரவாதிகள் நேற்றிரவு 20 ஆலயங்களை எரித்துவிட்டார்கள்; இன்றிரவு "ஒலிசபாங்" மாகாணத்தில் 200 ஆலயங்களை அழிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள்; உடனே ஜெபியுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள். இச்செய்தி பத்தாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் கிறிஸ்தவர்களிடையே சுற்றுகிறது. "நேற்றிரவு" என்பது ஒவ்வொரு ஆண்டும் நேற்றிரவாகவே இருக்கிறது. ஒலிசபாங் என்றொரு மாகாணம் இந்தியாவில் இல்லை. நாம் இந்தியாவிலேயே வாழ்கிறோம். நமக்குத் தெரியாத ஒரு மாகாணத்துக்காக நாமே ஜெபித்து மற்றவருக்கும் அனுப்பினால் என்ன சொல்வது! ஆப்கானிஸ்தானில் 22 மிஷனெரிகளுக்கு நாளைக் காலை மரணதண்டனை என்ற செய்தியும் இப்படிப்பட்டதே. 2009 ஆம் ஆண்டு முதல் அந்த "நாளைக் காலை" விடியவே இல்லை.

"ஜெபிப்பதில் என்ன தீங்கு, பாஸ்டர்? பொய்யானாலும் ஜெபம் வீண்போகாதே" என்று கேட்பவர்கள் உண்டு. பக்தியுள்ள கேள்விதான். ஆனாலும் அதனோடு நான் உடன்பட மாட்டேன். அந்தச் செய்தி புத்தமதத்தார்மேல் செய்யாத கொலைவெறியைச் சுமத்துகிறது, அது பொய்ச்சாட்சி. கர்த்தருடைய நாமத்தை அப்பொய்யின்மேல் முத்திரையாகக் குத்துகிறது. அது மூன்றாம் கட்டளை மீறல். யேசபேல் நாபோத்துக்கு எதிராக எழுதிய நிருபங்களில் ஆகாபின் முத்திரை இருந்தது, உபவாசத்துக்கான அழைப்பும் இருந்தது என்று 1 இராஜாக்கள் 21 இல் வாசிக்கிறோம். உபவாசம் என்றவுடன் ஊர்ப்பெரியவர்கள் வேறெதையும் கேட்கவில்லை. இன்னொரு தீங்கும் உண்டு. ஒடிசாவின் கந்தமாலில் 2008 ஆகஸ்டில் ஆலயங்கள் எரிந்ததும் மக்கள் காட்டுக்குள் ஓடியதும் மெய். 2023 மே முதல் மணிப்பூரில் நடந்ததும் மெய். பொய்யான தீயைப் பத்தாண்டு காட்டிய நாம் மெய்யான தீயைச் சுட்டிக்காட்டும்போது, பிறமத நண்பர்கள் "உங்கள் குழுவில் இப்படித்தானே வரும்" என்று சொல்லிவிட்டால் யார் பொறுப்பு?

நம் நாட்டு நீதிமன்றங்களும் இதே இடத்துக்கு வந்திருக்கின்றன. நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், 2018 ஆம் ஆண்டு பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தம் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். வேறொருவர் எழுதியதை வாசிக்காமலே பகிர்ந்துவிட்டதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. பின்னர் நீக்கி மன்னிப்பும் கேட்டார். ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டே கூறியது. 2023 ஜூலையில் அதே நீதிமன்றம், அனுப்பிவிட்ட செய்தியை வில்லிலிருந்து புறப்பட்ட அம்புக்கு ஒப்பிட்டது. உச்ச நீதிமன்றமும் அவருடைய மேல்முறையீட்டை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அம்பு என்ற அந்த ஒப்புமையைப் படித்தவுடன் எனக்கு நீதிமொழிகள் 26:18-19 நினைவுக்கு வந்தது. கொள்ளிகளையும் அம்புகளையும் எறிகிற பைத்தியக்காரனைப் பற்றியும், பிறனை வஞ்சித்துவிட்டு விளையாட்டுக்குச் செய்தேன் என்கிறவனைப் பற்றியும் அங்கே படிக்கிறோம்.

தேநீர்க் கடையில் மேசைமேல் கிடக்கும் நாளிதழை எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் பாருங்கள். சிறிய எழுத்தில் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், ஆசிரியர் பெயர், அச்சக முகவரி இருக்கும். 1867 ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இந்நாட்டில் பெயரில்லாமல் பத்திரிகை நடத்த முடியாது. நாளிதழ்கள் பொய் எழுதியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 இல் வதந்தியைப் பரப்பியவற்றுள் வடநாட்டு நாளிதழும் உண்டு, வழக்கும் பதியப்பட்டது. வழக்குப் பதிய ஒரு பெயர் இருந்தது என்பதுதான் வேறுபாடு. உங்கள் கைப்பேசிக்கு வரும் செய்தியின் அடியில் யாருடைய பெயரும் இராது. ஆகவே அதை உங்களிடமிருந்து பெறுகிறவர் உங்கள் பெயரையே அங்கே எழுதிக்கொள்கிறார். "சபை மூப்பரே அனுப்பியிருக்கிறார், பொய்யாயிருக்குமா?" நீங்கள் கையொப்பமிடவில்லை என்று நினைக்கிறீர்கள், வாசிப்பவர் உங்கள் கையொப்பத்தைத்தான் முதலில் பார்க்கிறார்.

அரசியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று இதில் நான் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தேர்தல் காலம் வந்தால் எல்லாக் கட்சிகளின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளும் இரவு பகலாக உழைக்கின்றன. அவர்கள் சமைப்பதைப் பரிமாறுகிறவர்கள் நாம். எதிர்க்கட்சியின் பொய்யைக் கண்டுபிடிக்க நமக்குக் கழுகுக் கண். நமக்குப் பிடித்த கட்சியின் பொய்யோ, "கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார்கள்" என்ற அளவில் முடிந்துவிடும். யாத்திராகமம் 23:2 கூட்டத்தோடு சேர்ந்து தீமைக்குப் போகாதே என்கிறது. மூன்றாம் வசனமோ நம்மைத் திகைக்கவைக்கிறது: வழக்கிலே ஏழைக்கும் முகதாட்சிணியம் பார்க்கக் கூடாது. ஏழைகளின் தேவன் ஏன் இப்படிச் சொல்ல வேண்டும்? நாம் சிறுபான்மையினர், நெருக்கப்படுகிறவர்கள், ஆகவே நம் பக்கத்துக்காக ஒரு பொய் சொன்னால் தவறில்லை என்ற எண்ணம் நமக்குள் நுழையாதபடிக்கே என்று நான் புரிந்துகொள்கிறேன். பலவீனன் சொன்னாலும் பொய் பொய்தான்.

ஒன்பதாம் வசனத்துக்கு வருகிறேன். அந்நியனை ஒடுக்காதே, அந்நியனின் இருதயம் உனக்குத் தெரியுமே, நீயும் எகிப்திலே அந்நியனாயிருந்தாயே என்பது அதன் கருத்து. சேலம், நாமக்கல் சீமையில் வாழும் நமக்கு எகிப்து வெகுதூரமில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியாவின் எந்த மூலைக்குத்தான் போகவில்லை? நாமக்கல் லாரி ஓட்டுநர் மொழி தெரியாத ஊரில், நள்ளிரவில், சாலையோரம் வண்டியை நிறுத்தி உறங்குகிறார். அவரும் "வெளியூரான்". 2016 செப்டம்பர் 12 ஆம் தேதி காவிரிப் பிரச்சினையின்போது பெங்களூரில் நம் சேலத்து நிறுவனத்தின் பேருந்துகள் முப்பதுக்கு மேல் ஒரே பணிமனையில் எரிந்தன. அன்றும் அங்கே அடிக்கிறார்கள், இங்கே அடிக்கிறார்கள் என்று இரு பக்கமும் காணொளிகள் பறந்துகொண்டுதான் இருந்தன. அந்த மாலையில் பெங்களூரிலிருந்த பிள்ளைகளுக்குத் தொலைபேசி செய்து, "வெளியே தமிழில் பேசாதே" என்று சொன்ன பெற்றோர் நம் ஊர்களில் உண்டு. அந்தக் குரலை நினைவில் வைத்துக்கொண்டு, ஏற்காடு சாலை நெடுகிலும் எழும்பும் வீடுகளுக்குச் செங்கல் சுமக்கும் பையனைப் பாருங்கள். 2023 மார்ச்சில் அவன் தாயும் பீகாரிலிருந்து அவனுக்கு அப்படித்தான் தொலைபேசி செய்திருப்பாள்.

அவர்களில் சிலர் நம் சகோதரர் என்பதும் பலருக்குத் தெரியாது. ஜார்க்கண்டிலிருந்து வரும் முண்டா, ஒராவோன், காரியா இனத்தாரிடையே தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் உண்டு. பெர்லினிலிருந்து காஸ்னர் மிஷனெரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845 இல். நம் தமிழ்ச் சபைகளின் காணிக்கையால் மிஷனெரிகள் சென்று இராஜ்மகால் மலைகளின் மால்டோ மக்களிடையே உழைத்திருக்கிறார்கள். அந்தத் திசைக்கு அனுப்ப நம் வீட்டில் உண்டியல் வைத்திருக்கிறோம். அந்தத் திசையிலிருந்து ஒருவன் நம் தெருவுக்கு வந்தால், "இந்திக்காரன் சுற்றுகிறான், பிள்ளைகளை உள்ளே வையுங்கள்" என்று குடியிருப்புக் குழுவில் எழுதுகிறோம்.

எளிய மக்களாகிய நாங்கள் எதையென்று சோதிப்பது என்ற கேள்வி நியாயமானதே. பெரோயா பட்டணத்தார்போல் நாள்தோறும் ஆராய எல்லாருக்கும் நேரமுமில்லை, கருவியுமில்லை. ஆனால் சோதிக்க முடியாததை அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லையே. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. இலாபத்துக்காக நடக்கும் நிறுவனம் தனக்குத்தானே கடிவாளம் போட்ட பிறகும், ஐந்து ஐந்தாகப் பிரித்து அனுப்பும் விசுவாசிகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே, நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் இனி ஜெபவிண்ணப்பம் இடுகிறவர்கள், அதில் சொல்லப்படுகிறவரையோ அந்த இடத்தையோ நேரில் அறிந்த ஒருவரின் பெயரையும், அவரிடம் என்றைக்குப் பேசினீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று மூப்பர்களோடு பேசித் தீர்மானித்திருக்கிறோம். அப்படி ஒருவரும் இல்லையானால், அனுப்பாமலே உங்கள் அறையில் ஜெபியுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் எழுந்தால் குழுவில் எழுதுவதற்கு முன் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ 112 க்கோ அழையுங்கள். ஏற்கெனவே அனுப்பிய ஒன்று பொய்யென்று தெரியவந்தால், அதை நீக்குவதோடு நிற்காமல், யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் "அது பொய், நான் அனுப்பியது தவறு" என்று உங்கள் பெயரால் எழுதுங்கள். எப்படி எழுதுவது என்று தயங்குகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கைப்பேசியோடு என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

அடுத்த வாரம் இதே அதிகாரத்தின் 4, 5 ஆம் வசனங்களை, பகைவனுடைய கழுதையைப் பற்றியவற்றை, தியானிப்போம்.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்